இரண்டு முறை போயும் சேற்றைத்தான் பார்த்தேன்: கடலோரச் சதுப்புநிலத்துக்கு எப்போது போவது?

#1 ஈரமண்

இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தவன். முதல் பதிவே புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையேறிப் பழக்கம் உண்டு. கடலோரச் சதுப்புநிலம் புதிது. ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஒரு வனவிலங்குப் பகுதிக்குச் சரியாக இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் விடிகாலை ஆறு மணிக்கே அங்கே நின்றேன். பறவை பார்க்க வேண்டுமானால் விடியலில் போ என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பார்த்தது என்ன? கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு. சேறு முடிந்து வானம் தொடங்கும் இடத்தில் எள்ளைத் தூவியதுபோல் சில புள்ளிகள். பக்கத்தில் நின்றவர் "அதெல்லாம் உள்ளான்" என்றார். இருக்கலாம். என் கண்ணுக்கு எள்தான்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் திரும்பிவிட்டேன். அழுகிய முட்டை நாற்றம் வேறு. சாக்கடை கலக்கிறதோ என்று சந்தேகம்.

நெருங்கிப் பார்க்கச் சேற்றில் இறங்கி நடக்கலாமா? படகு எடுக்கலாமா? பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா? இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கரையில் பறவைகள் முட்டையிட்டிருப்பதாகப் பலகை வைத்திருந்தார்கள், அங்கே கூட்டம் சேர நான் காரணமாக வேண்டாம்.

#2 கேமராக்கண்

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள், இறங்கி நடங்கள். நான் பல வருடமாக அப்படித்தான் எடுக்கிறேன், ஒன்றும் ஆகாது. பறந்தால் பறக்கட்டும், பறக்கும் படமும் கிடைக்கும். 400 மில்லிமீட்டர் லென்ஸாவது இல்லாமல் சதுப்புப் பக்கமே போகாதீர்கள்.

#3 ஓதக்கணக்கு

தயவுசெய்து இறங்காதீர்கள். காரணம் பிறகு. முதலில் ஒரு கேள்வி: நீங்கள் போன இரண்டு நாளும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியவையா?

#4 ஈரமண்

ஆமாம் சார்! முதல் முறை பௌர்ணமிக்கு மறுநாள். நிலா வெளிச்சத்தில் இருட்டோடு வண்டி ஓட்டிப் போகலாமே என்று. அடுத்தது அமாவாசைக்கு மறுநாள், அது தற்செயல். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சோதிடமா?

#5 ஓதக்கணக்கு

வெறும் பெருக்கல் கணக்குதான். "சரியாக இரண்டு வார இடைவெளி" என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள்.

பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். (பள்ளிப் புத்தகத்தில் ஓதம் என்று படித்திருப்பீர்கள், வற்றுப்பெருக்கு என்பவர்களும் உண்டு. நான் கடல் ஏறி நிற்பதை ஏற்றம், இறங்கி நிற்பதை வற்று என்றே எழுதுகிறேன்.) ஆகவே இன்றைக்கு வந்த ஏற்றம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். பதினான்கு நாளுக்கு 700 நிமிடம், கிட்டத்தட்ட 12 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. பதினான்கு நாள் கழித்து அதே மணிக்குப் போய் நின்றால் கடல் மறுபடி அதே நிலையில்தான் இருக்கும். டிக்கெட் இரண்டு வாங்கினீர்கள், படம் ஒன்றுதான்.

அதிலும் அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பிந்தி ஏற்றமும் பெரிது, வற்றும் பெரிது. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது. ஆறு மணிக்கு நீங்கள் பார்த்தது அந்தப் பெரிய வற்று. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் எல்லாம் ஈரச் சேற்றில் அலகை விட்டுப் புழுவும் சிப்பியும் தேடுபவை. பெரும்பாலும் நீர் விளிம்போடு போகும். விளிம்பு தொலைவில் இருந்தால் அவையும் தொலைவில்தான்.

இப்போது மீதிக் கணக்கு. ஆறு மணிக்கு வற்று என்றால் பன்னிரண்டேகால் வாக்கில் ஏற்றம். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். இந்தப் பறவைகள் நீந்திப் பிழைப்பவை அல்ல, கால் ஊன்ற இடம் வேண்டும். கடைசி இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் கரைக்கு அருகே உள்ள மேட்டுக்கோ, உள்ளே இருக்கும் குட்டைக்கோ ஒதுங்கும். நீங்கள் ஒன்பது மணிக்கு வண்டியைத் திருப்பினீர்கள். கடல் அப்போதுதான் அவற்றை உங்கள் பக்கம் ஓட்டிக்கொண்டு வரத் தொடங்கியிருக்கும்.

இங்கிலாந்தில் 'தி வாஷ்' வளைகுடாக் கரையில் ஸ்னெட்டிஷம் என்று ஓர் இடம். பெரிய ஏற்ற நாட்களில் நாட் என்ற உள்ளான் வகை பல்லாயிரக்கணக்கில் சேற்றை விட்டு எழும்பி, பழைய சரளைக் குழிகளில் நீர் தேங்கிய குட்டைகளில் வந்து நெருக்கியடித்து நிற்கும். அங்கே போகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் இதே கதை. இறால் பண்ணைக் குட்டைகளாக இருந்த இடம், 1993ல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002ல் ஈரநிலக் காப்பகம் ஆனது. வெளியே சேறு மூழ்கும்போது பறவைகள் உள்ளே குட்டைக்கு வரும். மறைகுடிலில் (பறவைக்குத் தெரியாமல் ஒளிந்து பார்க்கும் குடில்) உட்கார்ந்திருந்தால் போதும்.

#6 தூங்குமூஞ்சி

ஆக, அலாரம் வைத்து எழுந்ததெல்லாம் வீண்! இதைத்தான் நான் இத்தனை வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#7 கண்டல்வேர்

ஓதக்கணக்கு சொன்னது பறவைக்குச் சரி. ஆனால் வற்று நேரத்தைச் சும்மா சேறு என்று ஒதுக்குவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்த நாற்றம். சேற்றில் இரண்டு விரற்கடை கீழே போனால் பிராணவாயு கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கின்றன, கழிவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. அதுதான் அழுகிய முட்டை வாடை. சேற்றை லேசாகக் கீறினால் அடியில் கன்னங்கரேலென்று இருக்கும். ஆரோக்கியமான சதுப்பும் இப்படித்தான் நாறும். வாடையை மட்டும் வைத்துச் சாக்கடை என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம், வற்று நேரத்தில் தூரத்தைப் பார்ப்பதை விட்டுக் காலடியைப் பாருங்கள். ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். அசைந்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும், ஐந்து நிமிடம் கல்லாக நின்றால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். வெப்பக் கடலோரமாக இருந்தால் சேற்றில் துள்ளி ஓடும் மீன் இருக்கும், துடுப்பை ஊன்றிக்கொண்டு மரவேரில்கூட ஏறும். வெண்கண்டல் மரம் இருந்தால் இலையைத் தொட்டு நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிறது. அதன் அடியில் பென்சில் நட்டு வைத்ததுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். மூச்சுவிட வழியில்லாத சேற்றில் மரத்துக்கு அவைதான் மூக்கு. அவற்றை மிதித்து நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பலகை நடைபாதை போட்டிருந்தால் அதிலேயே நடங்கள்.

ஒரு துணுக்கு: 1971ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, வற்று நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கடற்பகுதியையும் ஈரநிலம் என்றே கணக்கில் எடுக்கிறது. நீங்கள் வெறும் சேறு என்று சொன்னது அதன் ஓரம்தான்.

#8 கேமராக்கண்

பன்னிரண்டேகாலுக்கு ஏற்றமா? உச்சி வெயிலில் சேற்றுமேட்டைப் படம் எடுத்தால் விளங்கிவிடும். கானல் நெளியும், பறவையின் முதுகு வெளுத்து வயிறு கறுத்துப்போகும். கணக்கு எல்லாம் காகிதத்தில் அழகு. அதனால்தான் காலையிலேயே இறங்கிப் போ என்கிறேன்.

#9 ஓதக்கணக்கு

கானல் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, மறுக்க மாட்டேன். அதற்கும் கணக்கிலேயே வழி இருக்கிறது.

ஈரமண், உங்கள் இடத்தில் பௌர்ணமிக்கு மறுநாள் ஏற்றம் பன்னிரண்டேகால். நாளுக்கு 50 நிமிடம் பிந்துகிறது அல்லவா? நான்கு நாள் தள்ளிப் போட்டால் 200 நிமிடம் பிந்தி மூன்றரை வாக்கில் வரும். ஏற்றத்தின் உயரம் அதற்குள் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் ஒரேயடியாக விழுந்திருக்காது. மாலை வெயில் சாய்வாக வரும். கிழக்குப் பார்த்த கரையாக இருந்தால் சூரியன் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். பகல் ஒரு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

காலைதான் வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் எண்ணுங்கள். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் ஏற்றம் ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக வரும். ஆனால் அப்போது ஏற்றம் இன்னும் முழு உயரத்தை எட்டியிருக்காது. சேறு முழுவதும் மூழ்காவிட்டால் பறவைகள் அங்கேயே நின்றுகொள்ளும், கரைக்கு வரவே வேண்டியதில்லை. அரை நிலா நாட்களில் ஏமாறுவது இதனால்தான். அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் மீட்டரில் போட்டிருக்கும் உயரத்தையும் பாருங்கள். எத்தனை மீட்டருக்கு மேல் ஏறினால் உங்கள் சேறு மூழ்குகிறது என்பதை நான்கைந்து முறை போய்க் குறித்துக்கொண்டால் அப்புறம் வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. அட்டவணை பக்கத்துத் துறைமுகத்துக்குப் போட்டது. கழிமுகத்துக்குள் போகப் போக நேரம் பிந்தும். நான் போகும் ஓடையில் முக்கால் மணி நேரம் வித்தியாசம். முதல் வருடம் இது தெரியாமல் மறைகுடிலில் கொசுவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

#10 உவர்நீர்

எல்லோரும் ஏற்றம் வற்று என்றே பேசுகிறீர்கள். நான் போகும் காயலில் இது எதுவும் நடப்பதில்லையே? அட்டவணையைப் பார்த்துப் போய் நான்கு முறை முட்டாளானேன்.

#11 ஓதக்கணக்கு

நல்ல கேள்வி, முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஓதம் எல்லாக் கரையிலும் ஒன்றல்ல. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களிலும் பால்டிக் கடலிலும் கண்ணுக்கே தெரியாத அளவு. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம்தான், அங்கே என் 12 மணி 25 நிமிடமும் செல்லாது.

உங்களுடையது போன்ற காயலில் நீர்மட்டத்தைக் காற்றும் மழையும் முகத்துவாரமும்தான் ஆட்டுகின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. அடைபட்ட காயலில் மழைக்குப் பிறகு மட்டம் உயர்ந்து நிற்கும், கூழைக்கடாவும் வாத்தும் வரும், உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. வெயிலில் வற்றத் தொடங்கி விளிம்பில் ஈரச் சேறு தெரியும்போது உள்ளான் வரும். காற்றையும் பாருங்கள். ஒரே திசையில் இரண்டு நாள் அடித்தால் ஆழமில்லாத தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும். காற்று கிளம்பும் பக்கத்துக் கரையில் புதிதாகச் சேறு வெளிப்படும், பறவையும் அங்கேதான்.

#12 உவர்நீர்

அடடா. அதனால்தான் மேற்குக் காற்றில் ஒரு நாள் மேற்குக் கரை முழுக்கக் கொசு உள்ளான் நின்றது. நான் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

#13 முழங்கால்சேறு

என் பெயரே ஒரு கதை. சேற்றில் இறங்கலாமா என்று கேட்டவருக்காகச் சொல்கிறேன்.

கேமராக்கண் அண்ணா சொன்ன மாதிரிதான் நானும் இறங்கினேன். நூறு அடி வரை கெட்டியாக இருந்தது. பிறகு ஓர் ஓடைத்தடம். தண்ணீர் இல்லை, மேலே பளபளவென்று மினுக்கம் மட்டும். ஒரு கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க மறு காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. இழுக்க இழுக்கச் சேறு இறுக்கும். பூட்ஸுக்குள் வெற்றிடம் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது பின்னால் சலசலவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், நான் கடந்துவந்த ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த சேறு இன்னும் காய்ந்தபடியே கிடக்கிறது!

இதுதான் பலருக்குத் தெரியாதது. கடல் முன்னாலிருந்து ஒழுங்காக அலை அலையாக வருவதில்லை. ஓடைகள் வழியே உள்ளே நுழைந்து முதலில் நம் முதுகுப் பக்கத்தை நிரப்பும். வேகமும் ஒரே சீராக இருக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தத்தில் பாதி நடு இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் "மெதுவாகத்தானே ஏறுகிறது" என்று தோன்றும். அந்த நினைப்பில்தான் ஆபத்து.

2004 பிப்ரவரி 5 இரவு இங்கிலாந்தின் மோர்க்கம் வளைகுடாவில் சிப்பி பொறுக்க இறங்கிய சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இப்படி ஏறி வந்த கடலில் மாட்டி இறந்துபோனார்கள்.

நான் எப்படி வந்தேன்? பயத்தில் குதிப்பதை நிறுத்தினேன். பையைச் சேற்றில் போட்டு அதன் மேல் மல்லாக்கச் சாய்ந்தேன். உடம்பின் பாரம் பரவினால் மேலும் புதையாது. ஒவ்வொரு காலாகச் சின்னச் சின்னதாக ஆட்டினால் சேற்றுக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் இறங்கி இளகும். ஒரு பூட்ஸைச் சேறே வைத்துக்கொண்டது. பிறகு தவழ்ந்தேன், நடக்கவில்லை. கரையில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நின்று என்னைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவர்களுக்குக் கிடைத்த பெரிய விலங்கு நான்தான்.

நடந்தே ஆக வேண்டும் என்றால் வழிகாட்டியோடு போங்கள். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்று நாட்டுக் கரையையும் தொடும் வாடன் கடலில் வற்று நேரத்தில் கிலோமீட்டர் கணக்காகச் சேற்று நடை போகிறார்கள், ஆனால் எந்தத் தடம் எந்த மணிக்கு மூழ்கும் என்று தெரிந்த ஆள் முன்னால் போவார்.

#14 கேமராக்கண்

சரி, ஆபத்து என்பதை ஏற்கிறேன். எனக்குத் தெரிந்த சேற்றில் மட்டும் இறங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன தவறு? பறவை எழும், ஒரு வட்டம் அடிக்கும், மறுபடி உட்காரும். சிறகு எதற்கு இருக்கிறது?

#15 ஆலா

கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கன் கிளம்பியது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு. முதுகில் சின்னச் செயற்கைக்கோள் கருவி. பதினோரு நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. நடுவே தின்னவில்லை, நீரில் இறங்கி ஓய்வெடுக்கவும் முடியாது. அத்தனைக்கும் எரிபொருள் கிளம்புமுன் சேற்றில் தின்று சேர்த்த கொழுப்புதான். நீங்கள் பார்க்கும் உள்ளானும் பெரும்பாலும் இப்படி ஒரு பயணத்தின் நடுவில் நிற்பது. அது தின்ன முடிவது சேறு தெரியும் சில மணி நேரம் மட்டும். ஏற்ற நேரத்தில் அது சும்மா நிற்பதாக நமக்குத் தோன்றும். அந்த நிற்றலும் சேமிப்புதான். ஒரு முறை எழுப்பினால் ஒரு வட்டம். அன்றைக்கு நீங்கள் ஒருவரா? உங்களுக்குப் பின்னால் நாயோடு ஒருவர், படகில் ஒருவர், பந்தோடு நாலு பேர். ஒவ்வொருவரும் "ஒரு வட்டம்தானே" என்பார்கள்.

கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம். உப்புக்கொத்தி வெறும் மணலில் முட்டையிடும், மணல் நிறத்திலேயே. தாய் எழுந்தால் வெயில் முட்டையை வேக வைக்கும், இல்லையென்றால் காகம் பார்த்துவிடும். ஈரமண் பார்த்த பலகை அதற்குத்தான்.

டிரோன் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா என்ற கடலோர ஈரநிலத்தில் கூடு கட்டும் தீவு ஒன்றில் ஒரு டிரோன் விழுந்தது. வல்லூறு என்று நினைத்தனவோ என்னவோ, சுமார் 3000 ஆலாக்கள் (என் பெயர் இந்தக் கடற்பறவையுடையதுதான்) கூட்டை விட்டுப் போயின, திரும்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் மணலில் அப்படியே கிடந்தன. ஒரே ஒரு டிரோன்.

#16 கேமராக்கண்

போல்சா சிக்கா படத்தைப் பார்த்திருக்கிறேன். மணல் முழுக்க முட்டை. அதை எடுத்தவருக்கும் என்னைப் போல லென்ஸ்தான் இருந்திருக்கும்.

சரி. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நாங்கள் இறங்குவதற்கு மறைகுடில் கட்டுகிறவர்களும் காரணம். நான் போகும் ஓரிடத்தில் குடிலின் சன்னல் மாலை முழுவதும் சூரியனைப் பார்த்து நிற்கிறது. முன்னால் ஆளுயர நாணல், வெட்டுவதே இல்லை. உட்கார்ந்தால் நாணல் தெரியும், நின்றால் தலை இடிக்கும். அங்கே எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதிலும் இல்லை. நல்ல குடில் இருந்தால் எவன் சேற்றில் இறங்குவான்?

#17 ஆலா

இதில் உங்கள் பக்கம்தான் நான். ஹாங்காங்கின் மை போவில் சேற்றின் விளிம்பு வரை அலையாத்திக்கு நடுவே மிதக்கும் பலகைப் பாதை போட்டு முடிவில் குடில் வைத்திருக்கிறார்கள். பறவைகள் பக்கத்திலேயே மேயும், உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். எல்லா இடத்திலும் அப்படிக் கட்டினால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

#18 துடுப்பு

கயாக்கில் போனால்? மோட்டார் இல்லை, சத்தம் இல்லை.

#19 ஆலா

சத்தம் இல்லாமல் திடீரென்று வளைவில் தோன்றுவதால்தான் பறவை அதிகம் மிரளும். ஓடையின் நடுவிலேயே போங்கள், மேட்டில் கூட்டம் தெரிந்தால் அங்கேயே திரும்புங்கள். பறவைகள் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தாலே நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். சுந்தரவனம், வட ஆஸ்திரேலியா போல் உவர்நீர் முதலை இருக்கும் கரைகளில் இந்தக் கேள்வியே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் தண்ணீர் ஓரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

#20 வலசை

வெளிநாட்டில் போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் "வனவிலங்குப் பகுதி" என்று பலகை இருந்தால் வேட்டைக்கு அனுமதி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துப் போய் விடியலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் புல்லில் படுத்துக்கொண்டேன். வாத்து வேட்டைப் பருவம், எல்லாம் சட்டப்படி. 1934 முதல் அங்கே வாத்து வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய முத்திரை ஒன்று உண்டு, அந்தப் பணத்தில்தான் ஏகப்பட்ட ஈரநிலங்களை வாங்கிக் காத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களைப் பார்த்து முறைக்கவும் முடியாது. பருவ அட்டவணையைப் பாருங்கள், ஆரஞ்சு மேல்சட்டை போடுங்கள். வேட்டை இல்லாத கிழமை பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

#21 தூங்குமூஞ்சி

லென்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? முதலில் தொலைநோக்கி, 8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு ஆசையாக இருக்கும், திறந்த வெளிக் காற்றில் கை நடுங்கி ஒன்றும் தெரியாது. எள்ளைப் பறவையாக்க முக்காலியில் வைத்த டெலஸ்கோப்தான் வழி, அதை நண்பரிடம் இரவல் வாங்குவது உத்தமம். கொசுவுக்கு முழுக்கை, முழுக்கால் சட்டை. குடிநீர் கையோடு. கழிப்பறை கிடையாது என்றே நினைத்துக் கிளம்புங்கள்.

#22 ஈரமண்

போய்விட்டு வந்தேன்!

ஓதக்கணக்கு சார் சொன்ன அதே கணக்கு, பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து எண்ணி நான்காம் நாள். அட்டவணை ஏற்றம் 3.25. ஒரு மணிக்கே போய்க் கரைமேட்டில் ஒரு புதரை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தேன். பழைய இடம், பழைய சேறு, பழைய எள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை, உங்களையெல்லாம் மனதுக்குள் திட்டினேன். பொழுது போகாமல் காலடியைப் பார்த்தேன். கண்டல்வேர் அக்கா, கொடுக்கு நண்டு! ஒன்று என் செருப்புப் பக்கத்திலேயே வந்து கொடுக்கை ஆட்டியது. என்னைக் கூப்பிட்டதோ விரட்டியதோ.

நிமிர்ந்தபோது சேற்றில் பாதியைக் காணோம். ஓடைகளில் தண்ணீர் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. முழங்கால்சேறு சொன்னது போல எனக்கு இடப்பக்கம், பின்னால் உள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. கரையில் இருக்கிறேன் என்று தெரிந்தும்.

இரண்டு மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. முதலில் உயரக் கால் உள்ளவை, கடைசியாகக் குட்டிக் கொசு உள்ளான்கள். முன்னூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நாற்பது அடி தூரத்தில், ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு, காற்றைப் பார்த்து எல்லாம் ஒரே திசையில். ஒன்று தூங்கியபடியே ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இடம் மாறியது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மூன்று மணிக்கு ஒருவர் நாயோடு கரைமேட்டில் நேராக வந்தார். நாயைக் கயிற்றில் பிடித்திருக்கவில்லை. அத்தனையும் ஒரே நொடியில் எழுந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் என்னைப் பார்த்து "என்ன காட்சி!" என்றார். அந்தப் பறவைகள் பத்து நிமிடம் இறங்க இடம் தேடி அலைந்தன. பாதிதான் திரும்பி வந்தன. ஆலா எழுதியதைப் படித்திருக்காவிட்டால் நானும் அந்த ஆளோடு சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

ஒரு சந்தேகம். கூட்டத்தின் ஓரத்தில் தனியாக ஒன்று. பழுப்பு, நடுத்தர உருவம், அலகு நீளம், நுனி மேல்நோக்கி வளைந்தது. பட்டைவால் மூக்கனா? அலாஸ்காக்காரரா?

#23 ஆலா

பழுப்பு, மேல்நோக்கிய நீள அலகு என்றால் முக்கியமாக இருவர். மூக்கன் என்றால் கால் நீளம், கறுப்பு, நிதானமாக நடக்கும். டெரெக் உள்ளான் என்றால் உருவம் சிறிது, கால் குட்டை, மஞ்சள் ஆரஞ்சு, தலையைத் தாழ்த்திக்கொண்டு எதையோ தொலைத்தவன் மாதிரி குடுகுடுவென்று ஓடும். கால் என்ன நிறம்?

#24 ஈரமண்

கால் முழுக்கச் சேறு. ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை, தூங்கியது. நாய் வந்த பிறகு அதைக் காணோம். படம் எடுக்கவில்லை, கேமராவை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

அமாவாசை கழித்து மறுபடி போகிறேன். டெலஸ்கோப் இருக்கிறவர்கள் யாராவது வருகிறீர்களா?

#25 கேமராக்கண்

இருக்கிறது, கொண்டுவருகிறேன். கரையிலேயே நிற்கிறேன், பயப்படாதீர்கள். எத்தனை மணிக்கு ஏற்றம்?

#26 ஓதக்கணக்கு

சரியாக இரண்டு வாரம் கழித்துத்தானே போகிறீர்கள்? அதை இன்னும் என்னிடம் கேட்க வேண்டுமா?